நிற்பதற்காக வாங்கிய கார்

ஊரில் எல்லாரும் ஓட்டுவதற்குக் கார் வாங்குவார்கள். ரெடி அண்ணன் கார் வாங்கியது நிற்க வைப்பதற்கு. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும். வரட்டும், உண்மை அதுதான்.

அவர் லாண்டிரிக்காரர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் மேசைத் துணியும் மூட்டை மூட்டையாக வரும். கேட்டு வந்த துணி இன்னும் சோப்புத் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தாலும் சரி, வாசலில் தலை தெரிந்ததும் "ரெடி, ரெடி, இதோ ரெடி" என்பார். அந்த வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

லாண்டிரி ஒரு நீளமான கூடம், மேலே வீடு. தெருப்பக்கம் ஷட்டர். நுழைந்ததும் இடது கைப்பக்கம் இஸ்திரி மேசைகள். கடைசியில் துவைக்கிற தொட்டிகள். அதற்குச் சற்று முன்னால், வயிறு பெருத்த ஒரு இரும்புப் பீப்பாய் மாதிரி, பிழிகிற மிஷின். ஈரத் துணியை உள்ளே திணித்து மூடியைச் சாத்தி சுவிட்சைப் போட்டால் அது முதலில் முனகும், பிறகு உறுமும், பிறகு வேகம் பிடித்துச் சுழன்று துணியிலிருக்கும் தண்ணீரையெல்லாம் பிழிந்து தள்ளும். துணியை ஒரு பக்கமாகத் திணித்துவிட்டால் தடதடவென்று கூத்தாடும். தண்ணீர் வடிய வேண்டுமே என்று கூடத்துத் தரையைப் பின்பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள்.

அந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே, தெருவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு, கார் நிற்கும்.

காருக்குக் காரணம் அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு மூச்சிழுப்பு உண்டு. வந்தால் வரும், போனால் போகும் என்று இருந்த இழுப்பு, ஒரு விடியற்காலையில் வந்து போகவே மாட்டேன் என்றது. ரெடி அண்ணன் தெருமுனைக்கு ஓடினார். கை காட்டிய வண்டியெல்லாம் ஏதோ அவர் கொள்ளைக்காரர் என்பது போல விலகி விலகிப் போயின. கடைசியில் ஒரு காய்கறி வண்டிக்காரன் மனமிரங்கி நிறுத்தினான். கூடைகளுக்கு நடுவே மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டு போனபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவர் அந்தக் காய்கறி வண்டியிலிருந்து இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதமே பழைய கார் ஒன்று வந்து சேர்ந்தது. மனைவியின் தம்பி மெக்கானிக். அவன்தான் தேடிப் பிடித்து, நாலு பேரிடம் விசாரித்து, குனிந்து நிமிர்ந்து பார்த்து வாங்கிக் கொடுத்தான். ரெடி அண்ணனுக்கு வண்டி ஓட்டுவதில் துளிகூட ஆசை கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு. மற்ற நாளெல்லாம் கார் நிற்கும். பெட்ரோல் நிறைய இருக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும். இஸ்திரி போடுகிற பையன்கள் அதன் மேல் ஒரு கைக்குட்டையை வைத்தால்கூடக் கத்துவார்.

நிறுத்துவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். ஈரமான இடத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு வைத்து, ஒரு நாள் அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அன்றோடு ஹேண்ட்பிரேக்குக்கு முழுக்கு. சரி, கியரில் போட்டு நிறுத்தலாமே என்றால், பதற்றத்தில் சாவியைத் திருப்பும்போது வண்டி எகிறிக் குதித்துவிடும் என்று பயம். அதனால் சரிவில் காரைப் பின்னால் நழுவ விட்டு, இடது பின்சக்கரத்தைப் பிழிகிற மிஷினின் அடியில் ஓடும் கனத்த இரும்புச் சட்டத்தில் சாய்த்து வைப்பார். அசையாது. ஏறினால், திருப்பினால், போகலாம். இதைவிட ரெடியாக ஒரு வண்டி இந்த உலகத்தில் கிடையாது என்பது அவர் எண்ணம்.

அந்த வண்டிதான் சத்தம் போட ஆரம்பித்தது.

ஒரு பரிசோதனை நாளில், வேகம் எடுத்ததும், பின்னாலிருந்து ஊங்ங்... என்று ஒரு முனகல் கேட்டது. வேகம் கூடக் கூட முனகலும் கூடியது. மைத்துனன் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான்.

"வீல் பேரிங் போயிருக்கு மாமா. இடது பின்பக்கம். பழைய வண்டிதானே, இது சகஜம்."

புதுசு போட்டான். சில மாதம் கழித்து அதே சக்கரத்தில் அதே முனகல். இந்த முறை மைத்துனன் காதைச் சொறிந்தான்.

"சாமான் மட்டமா இருந்திருக்கும். வேற கம்பெனி போடறேன்."

போட்டான். அதுவும் போயிற்று. தண்ணீர்தான் உள்ளே புகுகிறது என்றான். ரெடி அண்ணன் பையன்களை விட்டு, கார் நிற்கும் இடத்துக்குத் தண்ணீர் வராமல் சின்னதாக ஒரு சிமெண்டு வரப்புக் கட்டினார். தரை காய்ந்தது, பேரிங் பிழைக்கவில்லை.

ரெடி அண்ணனுக்கு ராத்தூக்கம் போயிற்று. பேரிங் என்பது என்ன, சக்கரத்தின் நடுவில் ரெண்டு வளையம், நடுவே வரிசையாகக் குண்டுகள். அவ்வளவுதான். ஆனால் அது முற்றிலும் இறுகினால் சக்கரம் சுற்றாது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். சக்கரம் சுற்றாமல் நடு ரோட்டில் நிற்கும்போது பின் சீட்டில் அவள் இழுத்துக்கொண்டிருந்தால்? மறுபடியும் கை காட்ட வேண்டுமா? மறுபடியும் எல்லாரும் விலகிப் போவார்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவருக்கு அந்த முனகலே மனைவியின் மூச்சு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது.

பயந்த மனிதனுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும். அவருக்கு மைத்துனன் அகப்பட்டான். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் சீக்கிரம் கெடும் என்று ஓட்டல் மேனேஜர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். போதாதா? மைத்துனன் கையில் சுத்தியலைப் பார்த்த நினைவெல்லாம் வரிசையாக வந்தது. உண்மையில் அவன் அதைக் கையில் எடுத்தது போல்ட்டைத் தட்டுவதற்கு. பயம் அதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்குமா?

யாரிடமும் சொல்லாமல் பெரிய காரேஜுக்குப் போனார். ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். பேரிங்கை மெதுவாக அழுத்தி ஏற்றுகிற மிஷினைக் கண்ணாடிக்கு அப்பால் காட்டினார்கள். திரும்பி வரும்போது வண்டி சத்தமே போடவில்லை. அவருக்குச் சந்தோஷம் பாதி, மைத்துனன் மேல் ஆத்திரம் பாதி. அடுத்த முறை அவன் வந்தபோது "வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, ஓட்டல்காரன் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய காரேஜ் போட்ட பேரிங்கும் முனகியது.

இந்த முறை அந்த அம்மாளே தம்பிக்குப் போன் செய்தாள். "உங்க மாமாவுக்குப் பதில் நான் கூப்பிடறேன்னு வெச்சுக்கோ. வந்து பாரு" என்றாள்.

அவன் வந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது. வந்தவன் சக்கரத்தைக்கூடப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்தான்.

"மாப்ள, அது வந்து..." என்று இழுத்தார் ரெடி அண்ணன். "ஒரு அவசரத்துல வெளியில ஒரு எடத்துல காட்ட வேண்டியதாப் போச்சு."

"தெரியும் மாமா. கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கானே."

ரெடி அண்ணனுக்குக் கண்ணாடியில் அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

மைத்துனன் வேலையைப் பார்த்தான். பழைய பேரிங்கைக் கழற்றினான், புதியதைப் போட்டான். வழக்கமாகக் கழற்றியது குப்பைக்குப் போகும். போனது போச்சு, புதுசு போடு என்பதுதான் இந்தத் தொழிலில் நடைமுறை. செத்ததை அறுத்துப் பார்க்க எவனுக்கு நேரம் இருக்கிறது? ஆனால் இந்த முறை அவன் அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து மிஷினெல்லாம் ஓய்ந்திருந்தபோது வந்தான். கார் வழக்கம்போல இரும்புச் சட்டத்தில் சக்கரத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. இஸ்திரி மேசையில் துணியைப் பிரித்தான். பேரிங்கை அறுத்துக் கொண்டுவந்திருந்தான்.

"மாமா, இங்க கொஞ்சம் விரலை வெச்சுப் பாருங்க."

வெளி வளையத்தின் உட்புறத்தில் ரெடி அண்ணன் விரலை ஓட்டினார். வழவழவென்று போன விரல் ஓரிடத்தில் சின்னச் சின்னக் குழிகளில் இறங்கி ஏறியது. வரிசையாக, ஒரே அளவான இடைவெளியில். குழிகளைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் மறுபடியும் வழவழப்பு.

"குண்டுக்கும் குண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளியோ, குழிக்கும் குழிக்கும் அதே இடைவெளி," என்றான் மைத்துனன். "சுத்தியலால அடிச்சு ஏத்தியிருந்தா, ஏத்தும்போதே ஒரே அடியில தழும்பு விழுந்திருக்கும், இந்தச் செம்பொடி இருக்காது. தண்ணி புகுந்திருந்தா வளையம் பூரா துரு ஏறியிருக்கும். ஓடித் தேஞ்சா சுத்திலும் ஒரே மாதிரி தேயும். இது அப்படி எதுவும் இல்ல. குண்டெல்லாம் ஒரே எடத்துல உட்கார்ந்துக்கிட்டு, உட்கார்ந்த எடத்தையே கொத்திக்கிட்டு இருந்திருக்கு. இது ஓடிக் கெட்டதில்ல மாமா. நின்னு கெட்டது."

"நின்னா எப்படிடா கெடும்? சும்மா நிக்கிற வண்டியை எவன் வந்து கொத்தறான்?"

"அதுதான் எனக்கும் தெரியல. ராத்திரி பூரா யோசிச்சுட்டேன்."

இரண்டு ஆண்களும் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அது எங்க சும்மா நிக்குது? ஆடிக்கிட்டுல்ல நிக்குது."

இருவரும் திரும்பினார்கள்.

"பிழியற மிஷின் ஓடும்போது பாருங்க. பின் சீட்ல இடது பக்கமா உட்கார்ந்தா உடம்பெல்லாம் அதிரும். முதுகு வலிக்கு அவ்வளவு இதமா இருக்கும். வலது பக்கம் அவ்வளவு இல்ல."

"நீ எப்ப கார்ல உட்கார்ந்த?" என்றார் ரெடி அண்ணன்.

"தினமும்தான்."

"தினமுமா?"

"நீங்க பக்கத்து ஓட்டலுக்குத் துணி கொடுக்கப் போவீங்கல்ல, அப்ப."

"சாவி என் இடுப்புல இருக்கே!"

"பின் கதவு பூட்டே பிடிக்காது. உங்களுக்குத் தெரியாதா?"

இஸ்திரிப் பையன்கள் இருவரும் திடீரென்று சட்டைக் காலர்களில் மிகவும் கவனமாகிவிட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தக் கவனத்திலேயே தெரிந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, வீட்டுக்குள்ளேயே பதிலை வைத்துக்கொண்டு ரெடி அண்ணன் ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றவில்லை.

மைத்துனன் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக் காரின் பின்பக்க மூடியின் மேல் வைத்தான். மிஷினைப் போடச் சொன்னான். அது முனகி, உறுமி, வேகம் பிடித்தது. கிண்ணத்துத் தண்ணீர் முதலில் சிலிர்த்தது, அப்புறம் வட்டம் வட்டமாக நடுங்கியது, துணி ஒரு பக்கம் ஒதுங்கியபோது விளிம்பைத் தாண்டித் தெறித்தது.

"ஒரு கையை மிஷின் மூடியில வைங்க மாமா. இன்னொரு கையைச் சக்கரத்துல வைங்க."

குனிந்து வைத்தார். இரண்டு கைக்கும் ஒரே நடுக்கம் வந்தது. முப்பது வருஷமாக ஆடுகிற தரையிலேயே நிற்கிறவர். தரை ஆடுவது அவருக்கு எப்படித் தெரியும்?

"அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு சும்மாவா சொன்னாங்க," என்றான் மைத்துனன். "சட்டத்துல சாய்ச்சு வெச்சீங்களா, மிஷின் ஆட்டமெல்லாம் நேரா சக்கரத்துக்குப் போயிருக்கு. சக்கரம் சுத்தினாலாவது குண்டு எடம் மாறும், கிரீஸ் பரவும். நீங்கதான் நகர விடலையே."

ரெடி அண்ணன் மிஷினை நிறுத்தினார். அது ஓய்ந்து அடங்கியது. பிறகு மைத்துனனின் தோளைப் பிடித்தார்.

"உன் மேல தப்பு நெனச்சுட்டேன் மாப்ள. மன்னிச்சுக்கோ."

"விடுங்க மாமா. முதல் பேரிங்கையே நான் அறுத்துப் பார்த்திருக்கணும்." சொல்லிவிட்டு அவன் துணியை மடித்தான். அவன் முகம் தெளிந்திருந்தது. "இனிமே ரெண்டு விஷயம். காரை இங்க நிறுத்தாதீங்க. கொஞ்சம் தள்ளி வெச்சாலும் தரையே ஆடுது. எதிர்ல மரக்கடை வாசல்ல எடம் இருக்கு. அப்புறம், தினமும் கொஞ்சம் ஓட்டுங்க."

"தெருவுலயா? எவனாவது குறுக்கே வண்டியை விட்டுட்டா?" ரெடி அண்ணனின் குரல் ஏறியது. "தினமும் ஓட்டறதாம்! நான் ஓட்டிக்கிட்டு எங்கயோ போயிருக்கும்போது இவளுக்கு இழுப்பு வந்தா? வண்டி இங்க இருக்காதேடா!"

"அக்காவையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

இவ்வளவு சுலபமான ஒன்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அப்போதுதான் அந்த அம்மாள் ஊசியைக் கோட்டில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லவா? இந்தக் கார் வந்த நாள்லேர்ந்து நான் அதுல ஏறிப் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். கண்ணெதிர்ல அது நிக்கறப்போ, எனக்கு எப்ப வரும், எப்ப வரும்னு காத்துக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். நீங்க அதைத் துடைக்கறதைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்கும். தினமும் அதுல போய் ஏன் உட்கார்ந்தேன் தெரியுமா? முதுகு வலியெல்லாம் சும்மா. நல்லா இருக்கறப்போ ஒரு தடவையாவது அதுல உட்காரணும்னு ஆசை. அவ்வளவுதான்."

ரெடி அண்ணனுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையில் கிடைத்தது ஆஸ்பத்திரி விரிப்பின் ஓரம். சலவை செய்து மடித்தது. அதை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அந்த அம்மாள் பின் சீட்டின் கதவைத் திறக்கப் போய், திறக்காமல் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மைத்துனன் கூடவே வருகிறேன் என்று சொல்லவில்லை. வாசலில் நின்று கையை ஆட்டினான். அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. காது முழுக்கப் பின்சக்கரத்திலேயே இருந்தது. முனகல் இல்லை. ஒரு தெரு போனார், இன்னொன்று போனார். முனகல் இல்லை.

"சத்தம் எதுவும் கேக்குதா?" என்றார்.

"நீங்க விடற மூச்சுதான் கேக்குது," என்றாள் அவள்.

பெரிய ரோட்டில் ஆஸ்பத்திரித் திருப்பம் வந்தது. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். யோசிக்காமலே வேகத்தைக் குறைத்தார். கை தானாக இண்டிகேட்டரைத் தட்டியது. டிக் டிக்கென்று அது அடிக்க ஆரம்பித்ததும் அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேரா போங்க."

"அங்கிட்டு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? போய்ப் பார்க்கலாம்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ரெடி அண்ணன் இண்டிகேட்டரை அணைத்தார். திருப்பத்தைத் தாண்டி நேராக ஓட்டினார்.